பின்னறையில் ஐம்பத்திரண்டு டிகிரி

பஃபலோ
8 நவம்பர் 1996

திரு. காசிமிர் வ்ரோனா அவர்களுக்கு,

உங்கள் தங்கை லொரெட்டா எழுதுவது. பிப்ரவரியில் அம்மாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, கல்லறை வாசலில் வைத்து, இனி உங்கள் முகத்தில் விழிப்பதில்லை என்று சொன்னேன். அதில் மாற்றமில்லை. கடிதம் முகத்தில் விழிப்பதாகாது என்பதால் எழுதுகிறேன். போன் செய்ய வேண்டாம். உங்கள் குரல் கேட்டால் வைத்துவிடுவேன். மார்ச்சில் இரண்டு தடவை வைத்தது நினைவிருக்கும்.

விஷயம் இதுதான். எனக்கு இடுப்பு மூட்டை மாற்றப் போகிறார்கள். ஜனவரி பதினான்காம் தேதி. அதற்குப் பிறகு மூன்று மாதம் மாடிப்படி ஏறக் கூடாதாம். இந்த வீட்டில் கீழே படுக்க இருப்பது ஒரே இடம், சமையலறைக்குப் பின்னால் இருக்கும் அம்மாவின் அறை.

நேற்று ஒத்திகை பார்க்கலாம் என்று அங்கே போய்ப் படுத்தேன். ஒரு மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டேன். முன்னறையில் ஃபாரன்ஹீட்டில் எழுபத்தாறு டிகிரி காட்டும்போது அம்மாவின் கட்டிலருகே ஐம்பத்திரண்டு காட்டுகிறது. மற்ற அறைகளில், நீராவியால் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் கை வைக்க முடியாத சூடு. அங்கே மட்டும் கழுவிக் கவிழ்த்த இரும்புச் சட்டி போல ஜில்லென்று நிற்கிறது.

94 ஆகஸ்டில், அம்மாவால் மாடி ஏற முடியாமல் போனபோது, அந்த அறையை அவளுக்காகத் தயார் செய்தது நீங்கள். அப்போது ரேடியேட்டரில் எதையாவது கழற்றினீர்களா, மாற்றினீர்களா? தெரிந்தால் எழுதுங்கள். ரிப்பேர்காரரைக் கூப்பிட வேண்டியதுதானே என்பீர்கள். அந்த அறைக்குள் ரிப்பேர்காரரை விட எனக்கு மனமில்லை. காரணம் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
லொரெட்டா வ்ரோனா


டூசான், அரிசோனா
14 நவம்பர் 1996

லொரெட்டா,

'அவர்களுக்கு' போட்டு எழுதிய உன் கடிதம் கிடைத்தது. முப்பத்தோரு வருஷம் பஃபலோ தெருக்களில் தபால் பை சுமந்தவன் நான். உறையைத் தூக்கிப் பார்த்தாலே உள்ளே இருப்பது சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவேன். உன்னுடையது இரண்டும் இல்லை. தண்ணீர் வரி நோட்டீஸ் மாதிரி இருந்தது.

இடுப்பு விஷயம் கேட்டு வருத்தமாக இருக்கிறது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் சிமெண்டுத் தரையில் நின்றவளுக்கு வேறென்ன மிஞ்சும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் கோபம் வந்து மறந்துபோவேன்.

அறை ஏன் குளிர்கிறது என்று என்னைக் கேட்கிறாய். அம்மா இரண்டு குளிர்காலம் அதே கட்டிலில் பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாளே, அப்போது யாரைக் கேட்டாய்? இப்போது உன் முதுகில் ஏறியதும் ஐம்பத்திரண்டு கண்ணுக்குத் தெரிகிறது. நான் அந்த அறையில் குழாயில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. சுவருக்கு நீலம் அடித்தேன், ரேடியேட்டருக்கு வெள்ளி அடித்தேன், அம்மா கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், அவ்வளவுதான் நடந்தது.

ஆனாலும் உன்னை அப்படியே விட மனம் வரவில்லை. இங்கே பக்கத்து ட்ரெய்லர் வீட்டில் ஆர்வில் என்று ஒருவர் இருக்கிறார். மில்வாக்கியில் பள்ளிக்கூடங்களுக்கு நீராவிச் சூடு தரும் பாய்லர்களை நாற்பது வருஷம் மேய்த்தவர். இந்தப் பாலைவனத்தில் அவருடைய படிப்பைக் கேட்க நாதியில்லாமல் இருந்தார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், முகம் மலர்ந்துவிட்டது. அவர் சொன்னது: திரைச்சீலை ரேடியேட்டர் மேல் விழுகிறதா பார். விழுந்தால் சூடெல்லாம் ஜன்னல் கண்ணாடிக்குத்தான் போகும், வெட்டிக் குட்டையாக்கு. ஓர் அட்டையில் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டி, பளபளக்கும் பக்கம் அறையைப் பார்க்க, ரேடியேட்டருக்குப் பின்னால் சொருகு. அடியில் இருக்கும் வால்வை முழுக்கத் திற. பாதி திறந்து வைப்பதுதான் உலகத்திலேயே பெரிய முட்டாள்தனமாம்.

காஸ்


பஃபலோ
20 நவம்பர் 1996

காசிமிர் அவர்களுக்கு,

திரைச்சீலையை முழங்கை அளவு வெட்டி மடித்துத் தைத்தேன். அட்டை சொருகினேன். வால்வு ஏற்கெனவே முழுக்கத் திறந்துதான் இருந்தது, முட்டாள்தனம் என் பக்கம் இல்லை என்று உங்கள் ஆர்வில் அவர்களிடம் சொல்லவும். இவ்வளவுக்கும் பிறகு ஐம்பத்து நான்கு.

கோட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு குளிர்காலமும் முன்னறையில் சூட்டைக் கூட்டும் டயலை எண்பதுக்குத் திருகி வைத்து, நான் மாடியில் ஜன்னலைத் திறந்துவிட்டுத் தூங்கினேன். அம்மா அறை மட்டும் சூடாகவில்லை. சமையலறைக் கதவைத் திறந்து வைத்து, அடுப்பை எரியவிட்டு, வெந்நீர்ப் பையை இரண்டு மணிக்கொரு தரம் மாற்றினேன். வருஷத்துக்கு நாலு நாள் விமானத்தில் வந்து இறங்குகிறவர் பார்த்தது ஒரு கோட்டு.

இன்னொன்று. குழாய் உள்ளே யாரோ சுத்தியால் அடிப்பது போல் சத்தம் வருகிறது. அதற்கும் அவரிடம் பதில் இருக்கிறதா?

லொரெட்டா


டூசான்
26 நவம்பர் 1996

லொரெட்டா,

வெந்நீர்ப் பை விஷயம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. போன கிறிஸ்துமஸ் மேஜையில் நான் கத்தியபோது நீயாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. எதிர்த்து ஒரு வார்த்தை வரவில்லை உன் வாயிலிருந்து. குற்றமுள்ளவர்கள்தான் அப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். இப்போதும் வேறெப்படி நினைப்பது என்று தெரியவில்லை.

சத்தத்துக்கு வருகிறேன். ஆர்வில் தாளில் படம் போட்டுக் காட்டினார். நம் வீட்டு ரேடியேட்டர்களுக்கு ஒரே குழாய்தான். நீராவி அதன் வழியாக மேலே வரும், குளிர்ந்து தண்ணீரானதும் அதே வழியாகத் திரும்பி பாய்லருக்கு ஓட வேண்டும். ரேடியேட்டர் வால்வுப் பக்கம் லேசாகச் சரிந்து நின்றால்தான் ஓடும். வீடு பழசாகித் தரை இறங்கியிருந்தால் தண்ணீர் உள்ளே தேங்கும், நீராவி வந்து அதன்மேல் முட்டும், அதுதான் சத்தம். வால்வுக்கு எதிர்ப்பக்கக் கால்களுக்கு அடியில் கெட்டியாக எதையாவது முட்டுக் கொடு. நீயே தூக்காதே. எதிர்வீட்டில் யாரையாவது கூப்பிடு.

இங்கே குளிரே இல்லை. நுரையீரல் டாக்டர் சந்தோஷப்படுகிறார், எனக்கு எரிச்சலாக இருக்கிறது. இருமல் கொஞ்சம் அதிகம். இனி விமானத்தில் ஏறக் கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டார். ஆர்வில் என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, உன் தங்கை பள்ளிக்கூடச் சமையல்காரி என்றாயே, நீ எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்று கேட்கிறார்.

காஸ்


பஃபலோ
2 டிசம்பர் 1996

காசிமிர் அண்ணனுக்கு,

எதிர்வீட்டுக்காரர் கடப்பாரையால் நெம்பினார், நான் முட்டுக் கொடுத்தேன். அப்பாவின் செக்கர்ஸ் ஆட்டக் காய்கள் இரண்டை வைத்தேன். சரியாகப் பொருந்தின. சத்தம் அடியோடு நின்றுவிட்டது. அறைதான் அப்படியே இருக்கிறது. குழாய் வால்வு வரைக்கும் சுடுகிறது, ரேடியேட்டரின் முதல் பட்டை லேசாக வெதுவெதுக்கிறது, அதற்கப்பால் பிணம்.

விமானத்தில் ஏறக் கூடாது என்பதை இருமலுக்கும் சமையலுக்கும் நடுவே சொருகி எழுதியிருந்தீர்கள். நான் கவனிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு நான் ஏன் பேசவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நம் வீட்டு வழக்கப்படி மேஜைவிரிப்புக்கு அடியில் வைக்கோல் பரப்பியிருந்தேன். வராத விருந்தாளிக்கு ஒரு தட்டு வைத்திருந்தேன். அம்மா கோட்டோடு வந்து உட்கார்ந்தாள். வழக்கம்போல் முதலில் தாள் போல் மெலிந்த கிறிஸ்துமஸ் அப்பத்தைக் கையில் எடுத்து, ஒருவர் அப்பத்தில் ஒருவர் ஒடித்து, வருஷத்துக் கோபத்தையெல்லாம் மன்னித்துக்கொள்ள வேண்டிய நேரம். நான் என்னுடையதை உங்கள் முன்னால் நீட்டினேன். நீங்கள் அம்மாவின் கோட்டைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள்.

"கேஸ் பில்லுக்குப் பயந்து பெத்த தாயை உறைய வைக்கிறவகூட நான் அப்பம் ஒடிக்க மாட்டேன்" என்றீர்கள்.

அறுபது வருஷத்தில் நம் வீட்டில் யாரும் அப்பம் ஒடிக்க மறுத்ததில்லை. அப்பா குடித்துவிட்டு வந்த வருஷம்கூட அம்மா அவரோடு ஒடித்தாள். என் கை எவ்வளவு நேரம் நீட்டியபடியே இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பேசாததற்குக் காரணம் குற்றம் இல்லை. அதற்கு மேல் கேட்க வேண்டாம்.

லொரெட்டா


டூசான்
7 டிசம்பர் 1996

லொரெட்டா,

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். கை நீட்டியிருந்தது எனக்கும் நினைவிருக்கிறது. வேறு எதையும் இன்றைக்கு எழுத முடியவில்லை, ரேடியேட்டரைப் பற்றியே எழுதுகிறேன்.

முதல் பட்டை மட்டும் வெதுவெதுப்பு என்றதுமே ஆர்வில் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். உள்ளே காற்று அடைத்துக் கிடக்கிறதாம். வால்வுக்கு எதிர்ப்பக்கம், கடைசிப் பட்டையில், பாதி உயரத்தில், கட்டைவிரல் அளவில் ஒரு சின்ன உலோகக் குமிழ் திருகப்பட்டிருக்கும். அதை அவர் மூக்கு என்கிறார். அதன் நுனியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. நீராவி வரும்போது பழைய காற்று அந்த வழியாக ஸ்ஸென்று வெளியேற வேண்டும். சூடு வந்ததும் மூக்கு தானாக மூடிக்கொள்ளும். துளை அடைத்தால் காற்று போக வழியில்லை, காற்று போகாவிட்டால் நீராவி உள்ளே வராது. நீ டயலை நூறுக்குத் திருப்பினாலும் வராது.

பாய்லரை நிறுத்தி, எல்லாம் ஆறிய பிறகு, மூக்கைக் கையால் இடப்பக்கம் திருகிக் கழற்று. வரவில்லையென்றால் சின்ன ஸ்பானர். ஹார்ட்வேர் கடையில் அதைக் காட்டினால் அதேபோல் புதுசு தருவார்கள். கழற்றியதும் எப்படி இருந்தது என்று எழுதச் சொல்கிறார்.

காஸ்


பஃபலோ
13 டிசம்பர் 1996

அண்ணனுக்கு,

நேற்று கழற்றினேன். உள்ளே துரு அடைத்திருந்தது. இப்போது சரியாகிவிட்டது. அறையில் எழுபது இருக்கிறது. ஆர்வில் அவர்களுக்கு என் நன்றியைச் சொல்லவும்.

எழுத அதிகம் இல்லை. உடம்பு களைப்பாக இருக்கிறது.

இதோடு ஓர் அப்பம் வைத்திருக்கிறேன். நொறுங்காமல் வந்து சேர இரண்டு அட்டைக்கு நடுவே வைத்திருக்கிறேன். கோயிலில் கொடுத்த பொட்டலத்தில் வெள்ளை நாலும் ரோஜா நிறம் ஒன்றும் இருந்தன. ரோஜா நிறம் மாட்டுக்குக் கொடுப்பது என்று உங்களுக்குத் தெரியும். அதைத்தான் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

லொரெட்டா


டூசான்
20 டிசம்பர் 1996

அன்புள்ள லொரெட்டா,

மாட்டு அப்பம் பத்திரமாக வந்தது. ஓரத்தில்கூட விரிசல் இல்லை. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. ஆர்வில் லூத்தரன் சபை ஆள், நம் அப்ப வழக்கம் தெரியாதவர், ஒன்றும் புரியாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இருபத்து நான்காம் தேதி அவரையும் உட்கார வைத்து ஒடிக்கப் போகிறேன்.

எழுபது என்று படித்ததும் என் கண்ணில் தண்ணீர் வந்தது. அம்மா அறையில் எழுபது. ஆனால் லொரெட்டா, அதைப் படித்தபின் எனக்குத் தூக்கம் போய்விட்டது. உன்னைக் குத்த எழுதவில்லை. ஒரு கட்டைவிரல் அளவு குமிழ். ஒரு ரிப்பேர்காரர் வந்திருந்தால் பத்து நிமிஷத்தில் முடித்திருப்பார். நீ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஆளைக் கூப்பிட்டிருந்தால் அம்மா கோட்டைக் கழற்றிவிட்டுப் படுத்திருப்பாள். இந்த வருஷம் மேஜையில் இருந்திருப்பாள் என்றுகூடத் தோன்றுகிறது.

போகட்டும். உனக்கு அது தெரியாது. வெந்நீர்ப் பை மாற்றினவள் வேண்டுமென்று செய்திருக்க மாட்டாய் என்று இப்போது நம்புகிறேன். இந்த அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறேன், உன்னை மன்னித்துவிட்டேன். முழு மனதாக.

ஆர்வில் அந்தப் பழைய மூக்கைப் பார்க்க ஆசைப்படுகிறார். நாற்பது வருஷத்தில் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்த பழக்கம். ஓர் உறையில் போட்டு அனுப்பு. மூன்று அவுன்சுக்கு மேல் போகாது.

உன் அண்ணன்,
காஸ்


பஃபலோ
27 டிசம்பர் 1996

காசிமிர் அவர்களுக்கு,

உங்கள் மன்னிப்பு இருபத்து நான்காம் தேதி மதியத் தபாலில் வந்து சேர்ந்தது. சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு வைத்தேன், ஒன்று எனக்கு, ஒன்று வராதவர்களுக்கு. காளான் சூப் உப்பாகிவிட்டது.

பழைய மூக்கு இல்லை. தூக்கிப் போட்டுவிட்டேன்.

லொரெட்டா


டூசான்
3 ஜனவரி 1997

லொரெட்டா,

மறுபடியும் 'அவர்களுக்கு'. இரண்டு நாள் எனக்குக் காரணம் புரியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் இவளுக்கு ஏன் கோபம் வருகிறது என்று ஆர்விலிடமே கேட்டேன்.

அவர் அந்தப் பழைய மூக்கைப் பற்றியே திரும்பக் கேட்டார். பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன். நேற்று காலை என் வாசல் கைப்பிடிக் கம்பிக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். வருஷப் பிறப்புக்குச் செய்ய நினைத்தது, இருமலால் தள்ளிப்போனது. ஆர்வில் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கம்பியை அடித்துவிட்டு, பூட்டை அடித்துவிட்டு, அழைப்பு மணியின் பித்தளைப் பொத்தானையும் அடித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காஸ், உங்கம்மா ரூம்ல ரேடியேட்டருக்கு வெள்ளி அடிச்சது யாரு?" என்று கேட்டார்.

மில்வாக்கியில் ஒவ்வொரு கோடை விடுமுறையும் பெயின்ட்காரர்கள் வந்து போன பிறகு, ஐம்பது வகுப்பறையிலும் மூக்குமூக்காக உட்கார்ந்து சுரண்டுவதுதான் அவருடைய செப்டம்பர் மாத வேலையாம். அவர்களுக்குத் தெரியாது, கண்ணில் பட்டதையெல்லாம் அடித்துவிட்டுப் போவார்கள் என்றார். மூக்கு அடைத்திருந்தது என்று தெரிந்ததுமே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. பழைய மூக்கை அனுப்பச் சொன்னதும் அதற்குத்தான்.

எனக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. ஆகஸ்ட் மாதம். பின்கதவு திறந்திருந்தது. அம்மா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நான் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்தபின் அந்தக் குமிழ் மட்டும் மஞ்சளாக நின்றது. இது ஒன்று மட்டும் ஏன் அழுக்காக இருக்க வேண்டும் என்று அதற்கும் அடித்தேன். முதல் பூச்சு சரியாகப் பிடிக்கவில்லை, இரண்டாவது தடவையும் அடித்தேன். துளை ஒன்று இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். பெயின்ட் அதில் இறங்கியதையும் பார்த்தேன். நன்றாக மூடிக்கொண்டது என்று திருப்தியாக இருந்தது.

துரு இல்லை. நீ கழற்றியபோதே பார்த்திருப்பாய். பார்த்துவிட்டுத்தான் துரு என்று எழுதினாய். அதற்குப் பதிலாக நான் உன்னை மன்னித்தேன்.

அம்மா முன்னால் வைத்து உன்னைச் சொன்ன வார்த்தை தப்பு என்று இப்போது யாரிடம் போய்ச் சொல்வது? அவளை உறைய வைத்தது நான். கொன்றதும் நான்தானா? நீ அங்கே இருந்தவள், உனக்குத் தெரியும். டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவே இல்லை, உன்னைத் திட்டுவதில் மும்முரமாக இருந்தேன். உண்மையை எழுது. நல்லதாக எழுதாதே.

இருபத்து நான்காம் தேதி அப்பத்தில் பாதியைத்தான் ஆர்விலோடு ஒடித்தேன். மீதியை உனக்கென்று வைத்திருந்தேன், என் பெருந்தன்மையை நினைத்துக்கொண்டு. அதைத் திருப்பி அனுப்புகிறேன். என் கையால் ஒடித்ததைத் தின்ன உனக்கு மனம் வராவிட்டால் பறவைகளுக்குப் போடு.

காஸ்


பஃபலோ
9 ஜனவரி 1997

அண்ணா,

உன் கடிதம் நேற்று வந்தது. இன்று முழுக்க என்ன எழுதுவது என்று நடந்துகொண்டே இருந்தேன். இந்த இடுப்போடு நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது.

ஆமாம், கழற்றியதுமே பார்த்தேன். நுனியில் வெள்ளிப் பெயின்ட் ஆடை கட்டியிருந்தது. துரு ஒரு பொட்டு இல்லை. அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து அதைக் கையில் வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. நான் நல்லவள் என்பதால் மறைத்தேன் என்று நினைக்காதே. அன்றைக்கே மூன்று கடிதம் எழுதினேன், மூன்றும் உன்னைக் குத்திக் கிழிக்கிற மாதிரி. பிறகு விமானத்தில் ஏறக் கூடாது என்று நீ எழுதியது நினைவு வந்தது. அந்தத் தூரத்தில் தனியாக உட்கார்ந்து இதைப் படிப்பாய் என்று தோன்றியது. கிழித்துப் போட்டேன். ஆனால் உன் மன்னிப்பு வந்தபோது, கிழித்ததற்காக அழுதேன். உன் மன்னிப்புக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன், அதை மட்டும் நீ திருப்பிக் கேட்காதே.

உண்மையை எழுது என்றாய். எழுதுகிறேன். இது உனக்கு இன்னும் வலிக்கும்.

ரிப்பேர்காரரை நான் கூப்பிட்டேன். முதல் குளிர்காலமே, 95 ஜனவரியில். அவர் நேராகப் போய் அந்த மூக்கின் மேல் ஸ்பானரை வைத்தார். அம்மா கட்டிலிலிருந்து எழுந்து, கைத்தடியை ஊன்றி, அவருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"என் பையன் அடிச்ச பெயின்ட்டு. கீறல் விழுந்துடும். எனக்கு ஒண்ணும் குளிரல. நீங்க காபி குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றாள்.

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? கசகசா ரொட்டி ரெண்டு துண்டு வெட்டிக் கொடுத்து அனுப்பினாள். அவர் எதைக் கழற்ற வந்தார், ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, அது என்மேல் இருக்கிறது. அவர் போனபின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காஸுகிட்ட குளிருதுன்னு சொல்லிடாத. நாம சரியா செய்யலியோன்னு ஒடிஞ்சு போயிடுவான். என் மேல சத்தியம் பண்ணு" என்றாள்.

பண்ணினேன். அந்த ரேடியேட்டரை அவள் தினமும் துணியால் துடைப்பாள் அண்ணா. சூடே இல்லாத இரும்பை. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள், என் பிள்ளை டூசானிலிருந்து வந்து அடித்துக் கொடுத்தான் என்று.

மேஜையில் நீ கத்தியபோது நான் வாயைத் திறக்கத்தான் போனேன். மேஜைக்கு அடியில் அம்மா என் முழங்காலைப் பிடித்து அழுத்தினாள். நீ எழுந்து போகிற வரைக்கும் விடவில்லை. நீலமாகக் கன்றிப்போய் ஒரு வாரம் இருந்தது. இரவு என்னிடம் வந்து, தன் அப்பத்தை என் அப்பத்தில் ஒடித்து, நீ பொறுத்துக்கோடி என்றாள். பொறுத்துக்கொண்டேன். அவளையும் சேர்த்துத்தான் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டேன், அது உனக்குப் புரியுமோ என்னவோ. அவளை நான் பார்த்துக்கொண்டேன், நீ பெயின்ட் அடித்தாய். அவள் துடைத்துக்கொண்டிருந்தது உன் பெயின்ட்டை.

கொன்றது நீயா என்று கேட்டாய். நிமோனியா, எண்பத்தோரு வயது இதயம் தாங்கவில்லை என்றார் டாக்டர். அறை சூடாக இருந்திருந்தால் என்று நானும் கேட்டேன். அவர், இந்த வயதில் எதையும் சொல்ல முடியாது என்றார். அது உண்மையோ, எனக்காகச் சொன்னாரோ, தெரியாது. இரண்டு குளிர்காலம் அவள் அங்கே குளிரில் கிடந்தாள், அது மட்டும் தெரியும். உன் பெயின்ட்டாலும், என் சத்தியத்தாலும் கிடந்தாள். அவளுக்கும் அதில் பங்கு உண்டு. இதற்கு மேல் நல்லதாக எழுத எனக்கு வரவில்லை.

மூக்கைத் தூக்கிப் போட்டேன் என்று எழுதியதும் பொய். புதுசு வாங்கவே இல்லை. வினிகரில் மூன்று தடவை கொதிக்க வைத்தேன். பெயின்ட் பாலாடை மாதிரி உரிந்து வந்தது. ஊசியால் துளையைத் திறந்து, அதையே திரும்ப மாட்டினேன். இப்போது மறுபடியும் மஞ்சளாக இருக்கிறது. மற்றதெல்லாம் உன் வெள்ளி, அப்படியே விட்டிருக்கிறேன். கீறல் விழவில்லை.

நேற்றிரவு அந்த அறையில் படுத்தேன். பாய்லர் எழுந்ததும் மூக்கு ஸ்ஸென்று ஆரம்பித்தது. கால்மணி நேரத்தில் எனக்கு வேர்த்துவிட்டது. எழுந்து ஜன்னலைக் கொஞ்சம் திறக்க வேண்டியிருந்தது. அம்மாவின் கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. தொட்டுப் பார்த்தேன். கோட்டுகூட வெதுவெதுப்பாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்று நன்றாக அழுதேன்.

நீ அனுப்பிய பாதி அப்பம் தபாலில் நொறுங்கிவிட்டது. முப்பத்தோரு வருஷத் தபால்காரருக்குப் பொட்டலம் கட்டத் தெரியவில்லை. உறையைக் கவிழ்த்து, தூளை உள்ளங்கையில் தட்டித் தின்றேன். ஒரு துணுக்குகூட விடவில்லை. பறவைகளுக்குப் போடவில்லை.

இந்தக் கடிதம் திங்கள்கிழமை உன் கையில் இருக்கும், கணக்கு உனக்கே தெரியும். மறுநாள் காலை ஆறு மணிக்கு என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார்கள். திங்கள் மாலை முழுக்க வீட்டில்தான் இருப்பேன், சமையலறையில், போனுக்குப் பக்கத்தில்.

கூப்பிடு. வைக்க மாட்டேன்.

லொரெட்டா